ஒரு நாள் குஞ்சு இறக்கப் போகிறேன்: 1000 குஞ்சுக்கு எந்தெந்த ப்ரூடிங் சாமான் வாங்குவது?

புதுக்கூண்டு:

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை ஒரு மாதம் வளர்ந்த குஞ்சுகளைத்தான் வாங்கி வளர்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் ஒரு நாள் குஞ்சாகவே எடுத்து ப்ரூடிங்கையும் (முதல் சில வாரம் சூடு கொடுத்து வளர்ப்பது) நானே பார்த்துக்கொள்வதாக முடிவு. ஒரு பேட்சுக்கு 1000 குஞ்சு, கறிக்கோழி. ஷெட் சிமெண்ட் தரை, பக்கச்சுவர் முழங்கால் உயரம், அதற்கு மேல் கம்பிவலை. கரண்ட் அடிக்கடி போகும் இடம்.

சாமான் விற்பவர் நாலடுக்கு ப்ரூடர் கூண்டு, நிப்பிள் லைன் (குஞ்சு கொத்தினால் தண்ணீர் சொட்டும் ஊசிமுனைகள் வைத்த குழாய்), கேஸ் ஹீட்டர், டிஜிட்டல் கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்த முழு செட்டாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இதில் எது கட்டாயம் வேண்டும், எதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

உமிமேடு:

தம்பி, செட்டாக எதையும் வாங்காதீர்கள். செட் போடுகிறவர் ஷெட்டின் அளவைப் பார்த்துப் போடுகிறார். குஞ்சு வாழப்போவது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள். அந்த ஒரு சாணில் சூடு எவ்வளவு, தண்ணீர் எட்டுகிறதா, காற்று கெட்டுக் கிடக்கிறதா என்று பாருங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

முதல் செலவு சூட்டுக்குத்தான். புதிதாகப் பொரிந்த குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரிவதற்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அதுவரை நாம் கொடுப்பதுதான் சூடு. முதல் வாரம் குஞ்சு நிற்கும் உயரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ். அப்புறம் வாரத்துக்கு 2.5 முதல் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம்.

உங்கள் 1000 குஞ்சை இரண்டு வட்டமாகப் பிரியுங்கள், வட்டத்துக்கு 500. மூன்றரை மீட்டர் விட்டம் போதும். சதுர மீட்டருக்கு ஐம்பது குஞ்சு சொச்சம் வரும். தடுப்புக்குத் தகடோ தடித்த அட்டையோ 45 செ.மீ. உயரத்தில் சுற்றி நிறுத்துங்கள். கண்டிப்பாக வட்டமாகத்தான். மூலை இருந்தால் குளிரிலோ பயத்திலோ அந்த மூலையில் போய் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் செத்துவிடும். மூன்றாம் நாளிலிருந்து வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டி, பத்து நாளுக்குள் எடுத்துவிடலாம். அட்டை வாங்கினால் பேட்ச் முடிந்ததும் எரித்துவிட வேண்டும். தகடு என்றால் கழுவி, கிருமிநாசினி அடித்து மறுபடி வைத்துக்கொள்ளலாம். நான் தகட்டின் பக்கம்.

நாலடுக்கு:

கூண்டு வேண்டவே வேண்டாம் என்பதுபோல் பேசுகிறீர்கள். நான் அடுக்குக் கூண்டில்தான் வளர்க்கிறேன். எச்சம் கம்பிவலை வழியாகக் கீழே தட்டில் விழுந்துவிடும், குஞ்சு அதை மிதிக்காது. ரத்தக் கழிச்சல் தொல்லை வெகுவாகக் குறையும். இடமும் மிச்சம். கூளம் (தரையில் பரப்பும் உமி) வாங்க வேண்டாம், அள்ளவும் வேண்டாம்.

உமிமேடு:

முட்டைக்கோழிக் குஞ்சு வளர்த்து, அதைக் கடைசிவரை கூண்டிலேயே வைத்திருப்பவருக்கு நீங்கள் சொல்வது சரி. இவர் மூன்றாம் வாரமோ நாலாம் வாரமோ சிமெண்ட் தரையில், கூளத்தில் இறக்கப்போகிறார். கம்பிமேல் வளர்ந்த குஞ்சு ரத்தக் கழிச்சல் கிருமியைப் பார்த்ததே இல்லை. எதிர்ப்புச் சக்தி என்பது கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கிருமி உள்ளே போய் வருவதால் உண்டாவது. அது இல்லாத குஞ்சைத் திடீரென்று கூளத்தில் விட்டால் மொத்தமாக வாங்கிக்கட்டிக்கொள்ளும். கழிச்சல் ஒழிந்துவிடவில்லை, தள்ளித்தான் போயிருக்கிறது.

இன்னொன்று, மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் சூடு ஒன்றாக இருக்காது. சூடான காற்று மேலே ஏறும். அடுக்குக்கு அடுக்கு தனியாகச் சூடும் தனியாகத் தெர்மாமீட்டரும் வேண்டும்.

நாலடுக்கு:

அடுக்குக்கு ஒரு தெர்மாமீட்டர் நான் வைத்துத்தான் இருக்கிறேன். ஆனால் தரையில் இறக்கும்போது முதல் வாரம் கழிச்சல் பார்த்திருக்கிறேன், அதை மறுக்கவில்லை. தரைவளர்ப்புக்காரருக்கு முதல் பேட்சிலேயே கூண்டு தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். வாங்குவதாக இருந்தால் வலைக்கண் 12 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. பெரிய கண்ணில் ஒரு நாள் குஞ்சின் கால் மாட்டிக்கொள்ளும்.

புதுக்கூண்டு:

சரி, கூண்டு இப்போதைக்கு இல்லை. சூட்டுக்கு கேஸா, கரண்டா? கரி அடுப்பு போட்டுச் சமாளிக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

வயர்மேன்:

மின் விஷயம் என்னிடம் கேளுங்கள். சாதாரண குண்டு பல்பு என்றால் குஞ்சுக்கு 1 முதல் 2 வாட் என்று கணக்குப் போடுவார்கள். 500 குஞ்சுக்குக் குளிர்காலத்தில் 1000 வாட் வரை. ஆனால் குண்டு பல்பு கடைகளில் அருகிவிட்டது. அதன் இடத்தில் எல்.இ.டி.யைக் கொடுத்து 'நூறு வாட் வெளிச்சம்' என்பார்கள். வெளிச்சம் நூறு வாட்டுக்குச் சமம், சூடு அல்ல. எல்.இ.டி.யில் குஞ்சு குளிர்காய முடியாது. அதை வெளிச்சத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டுக்கு அகச்சிவப்பு விளக்கு நல்லது. 250 வாட் விளக்கு ஒன்று 75 முதல் 100 குஞ்சு தாங்கும். வட்டத்துக்கு ஆறு விளக்கு போட்டால் 1500 வாட், இரண்டு வட்டத்துக்கும் 3000 வாட். உங்கள் மீட்டரும் வயரும் தாங்குமா என்று முதலில் பாருங்கள். விளக்குகளை ஒரே சுவிட்சில் கோக்காதீர்கள். மூன்று மூன்றாக இரண்டு சர்க்யூட், தனித்தனி ஃப்யூஸ். நடுராத்திரி ஒன்று போனாலும் மற்றது எரியும்.

ஹோல்டர் பீங்கானாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். விளக்கை அதன் வயரிலேயே தொங்கவிடுவதைப் பல ஷெட்களில் பார்க்கிறேன். ஷெட் தீப்பிடிக்க அதுவே போதும். கீழே காய்ந்த உமி, மேலே சுடுகிற கண்ணாடி. சங்கிலியில் தொங்கவிட்டு, விளக்குக்கு முன்னால் கம்பிக்கூடு மாட்டுங்கள். தொடக்கத்தில் கூளத்திலிருந்து 45 முதல் 60 செ.மீ. உயரம். சங்கிலியாக இருந்தால் கொக்கியை ஒரு கண்ணி மாற்றினால் போதும், உயரம் ஏறிவிடும்.

இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்: கண்ணாடி சிதறாத பல்பு என்று விற்பார்கள், அதில் சிலவற்றுக்கு டெஃப்லான் வகைப் பூச்சு இருக்கும். சூடேறினால் அந்தப் பூச்சிலிருந்து வரும் ஆவி பறவைகளின் நுரையீரலுக்கு விஷம். நம் மூக்குக்கு ஒன்றும் தெரியாது, குஞ்சு கொத்துக்கொத்தாகச் சாகும். பெட்டியில் பி.டி.எஃப்.இ. என்று போட்டிருந்தால் கோழி ஷெட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

கேஸ்குடை:

கரண்ட் அடிக்கடி போகும் என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறார். அவருக்கு 3000 வாட் விளக்கா? அந்தச் சுமையை வீட்டு இன்வெர்ட்டர் இழுக்காது, ஜெனரேட்டர்தான் வேண்டும். ஒரு மணி நேரம் சூடு இல்லாமல் போனால் குஞ்சு குவியத் தொடங்கிவிடும். கேஸ் ப்ரூடரே போடுங்கள். கூரையில் தொங்கும், கதிர்வீச்சாகக் கீழே சூடு விழும், கரண்ட் வேண்டாம்.

வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு வால்வு இருக்கிறதா, தூசி வடிகட்டி கழற்றிக் கழுவுகிற மாதிரி இருக்கிறதா, ரெகுலேட்டர் அந்த ப்ரூடருக்கு வேண்டிய அழுத்தத்துக்கு உரியதா. கோழி ஷெட் தூசி சீக்கிரமே பர்னரை அடைத்துவிடும். அடைத்த பர்னர் மஞ்சளாக எரியும், கார்பன் மோனாக்சைடு வரும்.

கரி அடுப்பு யோசனையை விட்டுவிடுங்கள். படுதாவை இழுத்து மூடிய ஷெட்டுக்குள் கரி புகைந்தால் குஞ்சு தூங்குவதுபோல் தலை சாய்த்துக்கொண்டே போய்விடும். ராத்திரி உள்ளே படுத்திருக்கிற ஆளுக்கும் அதே ஆபத்துதான்.

வயர்மேன்:

கேஸும் காற்றைத் தின்கிறது. எரிந்தால் கரியமில வாயுவும் ஈரமும் ஷெட்டுக்குள்ளேதான் சேரும். குளிருக்குப் பயந்து எல்லாப் பக்கமும் மூடிவைத்தால் கூளம் நசநசத்துவிடும்.

கேஸ்குடை:

அதற்குத்தானே படுதா. கீழே சுவரோடு இறுகக் கட்டி, மேலிருந்து கீழாகத் திறக்கிற மாதிரிப் போட்டால் கெட்ட காற்று மேலே வெளியேறும், குஞ்சின்மேல் நேராக வாடைக்காற்று அடிக்காது. கீழிருந்து சுருட்டித் தூக்குகிற படுதாவைத்தான் நிறையப் பேர் போடுகிறார்கள், அது முதல் இரண்டு வாரத்துக்கு ஆகவே ஆகாது. சூட்டுச் சாமான் பட்டியலில் படுதாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உமிமேடு:

இருவர் சொல்வதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம். கரண்ட் நம்ப முடியாத இடத்தில் கேஸை முதன்மையாக வைத்து, வட்டத்துக்கு இரண்டு அகச்சிவப்பு விளக்கைத் துணைக்கு மாட்டிவையுங்கள். சூட்டுக்கு இரண்டு வழி இருக்க வேண்டும், இரண்டும் ஒரே காரணத்தால் நிற்கக்கூடாது. ஒரு சிலிண்டர் எப்போதும் நிரம்பியே இருக்கட்டும்.

மின்சாரக் குடை (சூட்டைக் கீழே திருப்பும் குடை வடிவ மூடி) வாங்குவதாக இருந்தால் விற்பவர் சொல்லும் எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். குடையடியில் குஞ்சுக்கு 45 சதுர செ.மீ. வேண்டும். 120 செ.மீ. விட்டமுள்ள குடையின் பரப்பு 11,300 சதுர செ.மீ. சொச்சம். வகுத்துப் பாருங்கள், 250 குஞ்சு. அதை 500 குஞ்சுக் குடை என்று விற்றால் பாதிக் குஞ்சு வெளியே நிற்கும்.

புதுக்கூண்டு:

டிஜிட்டல் கன்ட்ரோலர் போட்டால் சூடு தானே சரியாகிவிடாதா?

வயர்மேன்:

சென்சார் எங்கே தொங்குகிறதோ அங்கே உள்ள சூடுதான் அதற்குத் தெரியும். தலை உயரத்தில் ஆணியில் மாட்டிவைத்துவிட்டு 33 காட்டுகிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. கீழே கூளம் 26 ஆக இருக்கலாம். சென்சார் முனை கூளத்திலிருந்து 5 செ.மீ. உயரத்தில், குடையின் ஓரத்துக்கு நேர்கீழே இருக்க வேண்டும். விளக்குக்கு நேர்கீழே வைத்தால் கதிர்ச்சூடு நேராக அதன்மேல் விழுந்து அதிகமாகக் காட்டி, சீக்கிரமே அணைத்துவிடும்.

கன்ட்ரோலர் வாங்கினால் எல்லா விளக்கையும் அதில் கொடுக்காதீர்கள். பாதி எப்போதும் எரியட்டும், மீதி மட்டும் கன்ட்ரோலரில். அதன் ரிலே (உள்ளே இருக்கும் தானியங்கிச் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டாலும் விட்டுப்போனாலும் பாதியாவது நம் கையில் இருக்கும்.

எந்தத் தெர்மாமீட்டர் வாங்கினாலும் முதல் நாளே சோதியுங்கள். ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி முனையை முக்குங்கள், 0 காட்ட வேண்டும். 2 காட்டினால் அந்த இரண்டைக் கழித்துப் படியுங்கள், இல்லையேல் திருப்பிக் கொடுங்கள். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் பதிவு செய்யும் வகையாக இருந்தால் நல்லது. விடியற்காலையில் எவ்வளவு இறங்கியது என்று தூங்கி எழுந்தும் தெரிந்துகொள்ளலாம்.

தாய்க்கோழி:

அண்ணன்மார் எல்லாரும் தெர்மாமீட்டர் பற்றியே பேசுகிறீர்கள், குஞ்சைப் பார்க்கச் சொல்லவில்லையே. குடையடியில் நெருக்கிக்கொண்டு கீச்சுக்கீச்சென்று கத்தினால் குளிர். சுவரோரமாக ஒதுங்கி வாயைத் திறந்து இறக்கையை விரித்து நின்றால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது, படுதாவைப் பாருங்கள். பரவலாகப் படுத்தும், தின்றும், திரிந்தும் இருந்தால் எந்த மீட்டர் என்ன காட்டினாலும் கை வைக்காதீர்கள். குஞ்சின் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் கூளம் சூடேறவில்லை என்று அர்த்தம்.

புதுக்கூண்டு தம்பி, நீங்கள் இன்னும் தண்ணீர், தீவனத் தட்டு பற்றிக் கேட்கவே இல்லை. முதல் வாரச் சாவில் பாதிக்குக் காரணம் அதுதான் என்பேன்.

புதுக்கூண்டு:

கேட்கத்தான் இருந்தேன் அக்கா. நிப்பிள் லைன் போட்டால் வேலை மிச்சம், கூளம் நனையாது என்கிறார்கள். முதல் நாளிலிருந்தே நிப்பிள் வைக்கலாமா?

தாய்க்கோழி:

வைக்கலாம், பெரிய பண்ணைகளில் அப்படித்தான். பத்துப் பன்னிரண்டு குஞ்சுக்கு ஒரு நிப்பிள் கணக்கு, உங்களுக்கு நூறு நிப்பிளாவது வேண்டும். முதல் நாள் நிப்பிள் குஞ்சின் கண் உயரத்தில், அப்புறம் கழுத்தை நிமிர்த்திக் குடிக்கிற அளவுக்குத் தினமும் ஏற்ற வேண்டும். வின்ச் (சுற்றி ஏற்றி இறக்கும் உருளை) வைத்த லைன் இல்லாமல் கயிற்றில் கட்டித் தூக்கினால் ஒரு முனை உயர்ந்து ஒரு முனை தாழ்ந்துவிடும். தரையும் சமமாக இருக்க வேண்டும். முக்கியமானது ரெகுலேட்டர். மேல்தொட்டித் தண்ணீரை நேராக விட்டால் அழுத்தம் அதிகமாகி ஒழுகும், ஒரு நாள் குஞ்சு கொத்தினால் ஊசி அசையவும் செய்யாது. உப்புத் தண்ணீர், மண் தண்ணீர் என்றால் வடிகட்டி இல்லாமல் நிப்பிள் பக்கமே போகாதீர்கள்.

உங்களுக்கு முதல் பேட்சுக்கு நான் சொல்வது கவிழ்த்துவைக்கிற குஞ்சு டிரிங்கர் (தண்ணீர்க் குடுவை). இரண்டு, மூன்று லிட்டர் அளவில், 50 குஞ்சுக்கு ஒன்று. 1000 குஞ்சுக்கு இருபது. தினமும் இரண்டு வேளை கழுவ வேண்டும், அது வேலைதான். ஆனால் தடுப்பூசியைத் தண்ணீரில் கொடுக்கிற நாளில், எல்லாக் குஞ்சும் குடித்ததா என்று கண்ணால் பார்க்கலாம். பத்தாம் நாளுக்கு மேல் மணி வடிவில் தொங்கும் பெல் டிரிங்கருக்கு மாற்றுங்கள், பன்னிரண்டு போதும்.

வாங்கும்போது டிரிங்கரின் அடித்தட்டுப் பள்ளத்தை விரலால் அளந்து பாருங்கள். விரல் நுனி படுக்கிற அகலம்தான் சரி. அகலமாக இருந்தால் குஞ்சு உள்ளே இறங்கி நனைந்துவிடும். நனைந்த குஞ்சு முதல் வாரத்தில் பிழைப்பது அரிது. அகலமானதே கைவசம் இருந்தால் கழுவிய கூழாங்கல்லைப் பள்ளத்தில் போட்டுவையுங்கள். காடைக்குஞ்சு வளர்ப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது.

நாலடுக்கு:

தீவனத்துக்கு?

தாய்க்கோழி:

முதல் மூன்று நாள் விளிம்பு தாழ்ந்த தட்டு, 80 முதல் 100 குஞ்சுக்கு ஒன்று. கூடவே வட்டத்தின் பாதிக்காவது காகிதம் விரித்து அதன்மேலும் தீவனம் தூவுங்கள். குஞ்சு நடக்கும்போது காலடியில் சரசரவென்று சத்தம் வந்தால் கொத்திப் பார்க்கும், அப்படியே தீவனத்தைக் கண்டுபிடிக்கும். வழவழப்பான காகிதம் கூடாது. கால் வழுக்கி இரண்டு பக்கமும் அகன்றுவிட்டால் அந்தக் குஞ்சு தேறாது. சொரசொரப்பான பழுப்புக் காகிதமோ நெளிவு அட்டையோ போடுங்கள். தட்டைச் சூட்டுக்கு நேர்கீழே வைக்காதீர்கள். சூட்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு தட்டு, ஒரு டிரிங்கர் என்று மாற்றி மாற்றி வையுங்கள்.

நாலாம் நாளிலிருந்து மெதுவாகத் தொங்கும் ஃபீடருக்கு மாற்றலாம். 40, 50 கோழிக்கு ஒன்று. விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் கிளறி இறைக்கும், தீவனக் கணக்கு எகிறும்.

சாமான் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே சோதனைதான். குஞ்சு இறக்கிய எட்டு மணி நேரம் கழித்து, பல இடங்களிலிருந்து நாற்பது ஐம்பது குஞ்சைப் பிடித்து, கழுத்துக்கு அடியில் தீனிப்பையை இரண்டு விரலால் மெதுவாகத் தடவுங்கள். பிசைந்த மாவு மாதிரி மெத்தென்று இருந்தால் தின்றது, குடித்தது. கெட்டியாக இருந்தால் தண்ணீர் கிடைக்கவில்லை. தளதளவென்று தண்ணீராக இருந்தால் தீவனம் எட்டவில்லை. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நிரம்பியிருக்க வேண்டும், மறுநாள் அநேகமாக எல்லாமே. காலியாக இருப்பதெல்லாம் ஒரே பகுதியில் பிடித்த குஞ்சு என்றால் அந்தப் பகுதியில்தான் தட்டு குறைவு.

சும்மா_எட்டிப்பார்த்தேன்:

நடுவில் வந்ததற்கு மன்னிக்கவும். நான் முப்பது குஞ்சுதான் வளர்க்கிறேன். காலை ஊன்றி நிற்கும் சூட்டுப் பலகை என்று ஒன்று விற்கிறார்களே, அது சரிவருமா?

வயர்மேன்:

சின்ன அளவுக்கு அருமை. குஞ்சு அடியில் புகுந்து முதுகை ஒட்டிக்கொள்ளும், தாய்க்கோழியின் அடியில் நிற்பதுபோலவே. விளக்கைவிடப் பல மடங்கு குறைந்த மின்சாரம், தீப்பிடிக்கும் பயமும் குறைவு. ஆனால் அது காற்றைச் சூடாக்காது. அறை 10 டிகிரிக்குக் கீழே போகும் இடத்தில் பலகை மட்டும் போதாது. 1000 குஞ்சுக்கு அது சரிவராது, எத்தனை பலகை வாங்குவது?

புதுக்கூண்டு:

எல்லோருக்கும் நன்றி. இப்போது பட்டியல் இப்படி வருகிறது: தகட்டு வளையம் இரண்டு, வட்டத்துக்கு ஒரு கேஸ் ப்ரூடர், துணைக்கு இரண்டிரண்டு அகச்சிவப்பு விளக்கு பீங்கான் ஹோல்டரும் சங்கிலியுமாக, மேலிருந்து திறக்கும் படுதா, குறைந்தபட்ச-அதிகபட்ச தெர்மாமீட்டர் வட்டத்துக்கு ஒன்று, குஞ்சு டிரிங்கர் இருபது, தட்டு பன்னிரண்டு, நெளிவு அட்டை, உமி. பெல் டிரிங்கரும் தொங்கும் ஃபீடரும் குஞ்சு வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். கூண்டு, நிப்பிள், கன்ட்ரோலர் இப்போது இல்லை. சரிதானா?

உமிமேடு:

இரண்டு திருத்தம். டிரிங்கர் இருபத்து நாலாக வாங்குங்கள். சில கழுவிக் காய்ந்துகொண்டிருக்கும், சில உடைந்தும் கிடக்கும். தட்டும் இரண்டு கூடுதலாக இருக்கட்டும். பெல் டிரிங்கரையும் ஃபீடரையும் குஞ்சு வந்த பிறகு தேடாதீர்கள், ஒரு வாரம் எப்படிப் போனது என்றே தெரியாது. இப்போதே வாங்கி ஓரமாகக் கட்டிவையுங்கள்.

அப்புறம் வெளிச்சம். கேஸ் ப்ரூடரில் வெளிச்சம் போதாது. முதல் மூன்று நாள் குஞ்சுக்குத் தட்டும் தண்ணீரும் பளிச்சென்று தெரிய வேண்டும். வட்டத்துக்கு மேலே எல்.இ.டி. விளக்கு ஒன்றிரண்டு, அது இன்வெர்ட்டரிலேயே ஓடும்.

கேஸ்குடை:

உமி 5 செ.மீ. கனம், ஈரமில்லாமல். வாங்கியவுடன் ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள், கட்டிப்பிடித்தால் திருப்பி அனுப்புங்கள். பூஞ்சை பிடித்த உமியால் குஞ்சுக்கு மூச்சுநோய் வரும், அதற்கு மருந்து இல்லை.

புதுக்கூண்டு:

குஞ்சு வண்டி காலை ஆறு மணிக்கு வரும். ராத்திரியே ப்ரூடரைப் பற்றவைத்தால் போதுமா?

கேஸ்குடை:

போதாது. முந்தைய நாள் காலையிலேயே பற்றவையுங்கள், 24 மணி நேரம் எரிய வேண்டும். காற்று ஒரு மணி நேரத்தில் சூடாகிவிடும். சிமெண்ட் தரையும் அதன்மேல் கிடக்கும் உமியும் அப்படிச் சூடேறாது. உமியின் மேல்பரப்பு 30 டிகிரியைத் தொட்ட பிறகுதான் குஞ்சை இறக்க வேண்டும். அந்த ஒரு நாள் ஓட்டத்தில் பர்னர் அடைப்பு, கேஸ் கசிவு, படுதா இடைவெளி எல்லாம் குஞ்சு வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

தாய்க்கோழி:

டிரிங்கரை வண்டி வருவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே நிரப்பி வட்டத்துக்குள் வைத்துவிடுங்கள் தம்பி, தண்ணீரின் குளிர் போய்விடும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது சில குஞ்சுகளின் அலகைத் தண்ணீரில் லேசாகத் தொட்டுவிடுங்கள், மற்றவை அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். இறக்கி முடித்ததும் காலிப் பெட்டிகளை உடனே ஷெட்டை விட்டு வெளியேற்றுங்கள். எட்டு மணி நேரம் கழித்துத் தீனிப்பை எப்படி இருந்தது என்று இங்கே எழுதுங்கள்.